தமிழ் மெயில் உடையாமல் போய்ச் சேர: ஹெடர் முதல் அட்டாச்மென்ட் வரை

எந்த மெயிலானாலும் தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வெறும் எழுத்துக் கோப்புதான். பிடிஎஃப், புகைப்படம், தடித்த எழுத்து, தமிழ் எல்லாமே வரிவரியான எழுத்துகளாக மாறித்தான் பயணம் செய்கின்றன. இந்த வடிவத்துக்கு 1982-இல் ஆர்எஃப்சி 822 விதி வகுத்தது (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் பொது விதிகளை எழுதிவைக்கும் ஆவண வரிசை). 2001-இல் 2822, 2008-இல் 5322 என்று அது திருத்தப்பட்டது. இன்று நடப்பில் இருப்பது 5322. முதல் விதி எழுதப்பட்டபோது ஆங்கில எழுத்துக்கு அப்பால் எதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தமிழ் சப்ஜெக்ட் கட்டம் கட்டமாக வருவதற்கும், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சமக்குறியும் கேள்விக்குறியும் நிற்பதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு குறிப்பு: ஹெடர் பெயர்களையும் முகவரிகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். உண்மையான கோப்பில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்கவேண்டும்.

முதலில் மூலத்தைத் திறந்து பாருங்கள்

ஜிமெயிலை கணினியில் திறந்து, மெயிலின் வலப்பக்க மூன்று புள்ளியை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' வரும். தண்டர்பேர்டில் கன்ட்ரோலும் யு-வும். அவுட்லுக்கின் பழைய டெஸ்க்டாப் பதிப்பில் மெயிலைத் தனிச் சாளரத்தில் திறந்து, ஃபைல், பிறகு ப்ராப்பர்ட்டீஸ் போனால் கீழே 'இன்டர்நெட் ஹெடர்ஸ்' என்ற சின்னப் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டிக்குள் படிக்க முயலாதீர்கள், கண் போய்விடும். நோட்பேடில் ஒட்டிக்கொள்ளுங்கள். செல்போன் செயலிகளில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது.

திறந்ததும் கண்ணில் படுவது 'பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு' என்ற வடிவில் வரும் வரிகள். அவைதான் ஹெடர்கள். அவை முடிந்ததும் ஒரு வெற்று வரி. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் உடல்.

கையால் ஒரு மெயில்

ஒரு மெயிலைக் கையாலேயே எழுதிப் பார்த்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். கீழே உள்ளதை நோட்பேடில் எழுதி, இஎம்எல் என்ற பின்னொட்டோடு சேமித்து, தண்டர்பேர்டில் திறந்தால் வந்த மெயிலைப் போலவே காட்டும்.

    டேட்: ஃப்ரை, 14 ஜூன் 2024 10:15:32 +0530
    ஃப்ரம்: "எம். செல்வி" <செல்வி@எக்ஸாம்பிள்.காம்>
    டூ: <கணக்கு@எக்ஸாம்பிள்.காம்>
    சப்ஜெக்ட்: மீட்டிங் ஆன் ஃப்ரைடே
    மெசேஜ்-ஐடி: <20240614.101532.7781@எக்ஸாம்பிள்.காம்>
    மைம்-வெர்ஷன்: 1.0
    கன்டென்ட்-டைப்: டெக்ஸ்ட்/ப்ளெயின்; சார்செட்=யுடிஎஃப்-8
    கன்டென்ட்-டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்: 8பிட்

    வணக்கம். வெள்ளி மாலை கூட்டம் இருக்கிறது.

சேமிக்கும்போது யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) என்று மட்டும் தேர்ந்தெடுங்கள். 'வித் பிஓஎம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் உட்கார்ந்துகொள்ளும். அது முதல் ஹெடரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு அந்த ஹெடரையே செல்லாததாக்கிவிடும். முதல் வரி டேட் என்றால் தேதி காணாமல் போகும். கண்டிப்பான மென்பொருள் என்றால், ஹெடரே இல்லை என்று முடிவு கட்டி எல்லாவற்றையும் உடலாகக் காட்டிவிடும்.

ஹெடர் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. பெயருக்கும் முக்காற்புள்ளிக்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது, முக்காற்புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளி வழக்கம். ஒவ்வொரு வரியும் சிஆர், எல்எஃப் என்ற, கண்ணுக்குத் தெரியாத இரண்டு வரிமுடிவு எழுத்துகளால் முடியவேண்டும். லினக்ஸில் எழுதிய நிரல் எல்எஃப் மட்டும் போடும். இடையில் உள்ள மென்பொருள் பெரும்பாலும் அதைத் திருத்திக்கொள்ளும். ஆனால் நேரடியாக எஸ்எம்டிபி (சர்வர்கள் மெயிலைக் கைமாற்றப் பேசும் மொழி) பேசும் நிரல் எழுதினால் இரண்டையும் நீங்களே போடவேண்டும்.

வரியின் நீளம் 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது. 998-ஐத் தாண்டவே கூடாது. இந்தக் கணக்கில் வரிமுடிவின் இரண்டு எழுத்துகள் சேராது. நீண்ட ஹெடரை மடிக்கலாம். வரியை உடைத்து, அடுத்த வரியை ஒரு இடைவெளியோடு தொடங்கினால் அது முந்தைய வரியின் தொடர்ச்சி. அந்த ஒரு இடைவெளி விட்டுப்போனால் அடுத்த வரி புது ஹெடர் என்று ஆகிவிடும். அதில் முக்காற்புள்ளி இருக்காது, அதனால் அத்தோடு ஹெடர் பகுதி முடிந்தது என்று சில மென்பொருள்கள் எடுத்துக்கொள்ளும். பெறுபவரின் திரையில் மீதி ஹெடர்கள் கடிதத்தின் முதல் பத்தியாக வந்து நிற்கும்.

உறையும் கடிதமும்

தபால்காரர் உறையின் மேல் உள்ள முகவரியைப் பார்த்துப் போடுகிறார். உள்ளே கடிதத்தின் தலையில் 'பெறுநர்' என்று யார் பெயரை எழுதியிருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. மெயிலும் அப்படியே. சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும்போது அனுப்புநர், பெறுநர் முகவரிகளைத் தனியாகச் சொல்லிக்கொள்கின்றன. அதுதான் உறை. ஃப்ரம், டூ ஹெடர்கள் கடிதத்துக்குள் எழுதியவை. இரண்டும் பொருந்தவேண்டும் என்று எஸ்எம்டிபி கட்டாயப்படுத்துவதில்லை. பிசிசி (மற்றவர்களுக்குத் தெரியாமல் நகல் அனுப்புவது) வேலை செய்வதும், அடுத்தவர் பெயரில் மோசடி மெயில் வருவதும் ஒரே காரணத்தால்தான்.

கடைசி சர்வர் மெயிலைப் பெட்டியில் போடும்போது உறையில் இருந்த அனுப்புநர் முகவரியை 'ரிட்டர்ன்-பாத்' என்ற ஹெடராக எழுதிவைக்கும். திரும்பிவரும் மெயில்கள் போகும் இடமும் அதுதான். இந்த ஹெடரை நீங்கள் எழுதவேண்டாம், எழுதினாலும் பயனில்லை. திரும்பும் மெயில் எங்கே வரவேண்டும் என்பதை அனுப்பும் நிரலில் உறை முகவரியாகக் கொடுக்கவேண்டும். பிசிசி ஹெடரையும் அனுப்புவதற்கு முன் அழித்துவிடுங்கள். நல்ல மென்பொருள் தானே அழிக்கும். சொந்தமாக எழுதிய நிரலில் மறந்துவிட்டால், மறைக்க நினைத்த பட்டியல் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும்.

தேதியும் பெயரும்

விதிப்படி கட்டாயமான ஹெடர்கள் இரண்டே இரண்டு: டேட், ஃப்ரம். மெசேஜ்-ஐடி இருக்கவேண்டும் என்று வலியுறுத்துகிறதே தவிரக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் அது இல்லாத மெயிலை ஸ்பாம் வடிகட்டிகள் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

தேதியில் கிழமை விருப்பம்தான். எழுதினால் சரியாக எழுதவேண்டும். கிழமையும் மாதமும் ஆங்கிலத்தின் மூன்றெழுத்துச் சுருக்கம் மட்டுமே. சர்வரின் மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, அதே அமைப்பைக் கொண்டு தேதியை எழுதும் நிரல் 'வெள்' என்று எழுதிவைக்கும். அது செல்லாத தேதி. மெயில் பெட்டியில் அந்த மெயில் எங்கே வரிசைப்படும் என்று சொல்லமுடியாது.

நேர மண்டலம் எண்ணாக இருக்கட்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் +0530, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் +0800. 'ஐஎஸ்டி' என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் மூன்றுமே அதே சுருக்கத்தைப் பயன்படுத்துகின்றன. அதனால் விதி அதை அங்கீகரிக்கவில்லை. தெரியாத சுருக்கம் என்றால் -0000 என்று எடுத்துக்கொள், அதாவது உலகப் பொது நேரமாகக் கொள் என்கிறது. காலை 10:15 ஐஎஸ்டி என்று அனுப்பினால் சென்னையில் பெறுபவருக்கு மாலை 3:45 என்று தெரியும். ஐந்தரை மணிநேரம் எதிர்காலத்திலிருந்து வந்த மெயில்!

இனி பெயர். நம் பெயர்களில் இனிஷியல் உண்டு, இனிஷியலுக்குப் பின் புள்ளி உண்டு. முகவரி வரியில் புள்ளி, காற்புள்ளி, அடைப்புக்குறி போன்றவற்றுக்குத் தனிப் பொருள் இருப்பதால் அவை வரும் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போடவேண்டும். மேலே உள்ள மாதிரியில் 'எம். செல்வி' மேற்கோளுக்குள் இருப்பது அதனால்தான். புள்ளியைப் பல மென்பொருள்கள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். காற்புள்ளி அப்படியல்ல. 'செல்வி, கணக்குப் பிரிவு' என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் காற்புள்ளியோடு ஒரு முகவரி முடிந்துவிட்டதாகப் பொருள். 'செல்வி' என்ற, டொமைனே இல்லாத முகவரி ஒன்று முளைக்கும், சர்வர் மறுக்கும்.

அதே பெயரைத் தமிழில் எழுதினால் விதி தலைகீழ். அதற்கு அடுத்த பகுதியைப் பார்க்கவேண்டும்.

தமிழ் சப்ஜெக்ட்: கணக்கு தெரிந்தால் உடையாது

ஹெடரில் தமிழை நேரடியாக எழுதமுடியாது. ஆர்எஃப்சி 2047 சொல்லும் குறிமாற்றச் சொல்லாக ஆக்கவேண்டும். வடிவம் இது:

    =?யுடிஎஃப்-8?பி?...?=

சமக்குறி, கேள்விக்குறி, எழுத்துக் குறிமுறையின் பெயர், கேள்விக்குறி, மாற்றும் முறை, கேள்விக்குறி, மாற்றிய எழுத்துகள், கடைசியில் கேள்விக்குறியும் சமக்குறியும். மாற்றும் முறை இரண்டு. 'பி' என்பது பேஸ்64, அதாவது மூன்று பைட்டை நான்கு சாதாரண எழுத்தாக எழுதுவது. 'க்யூ' என்பது ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியும் இரண்டு எழுத்துமாக எழுதுவது.

ஒரு குறிமாற்றச் சொல் மொத்தம் 75 எழுத்தைத் தாண்டக்கூடாது. முன்னும் பின்னும் மாறாமல் வரும் பகுதி 12 எழுத்து. மீதி 63. பேஸ்64 நான்கு நான்காகத்தான் வரும் என்பதால் 60 எழுத்து கிடைக்கும், அதில் 45 பைட் அடங்கும். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். ஆக, ஒரு சொல்லுக்கு 15 தமிழ்க் குறிகள். 'க்யூ' முறையில் ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து செலவாகும், ஏழு குறியோடு முடிந்துவிடும். தமிழுக்கு எப்போதும் 'பி'தான்.

குறி என்றால் நாம் எண்ணும் எழுத்து அல்ல. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என ஏழு. அதாவது 21 பைட், பேஸ்64-இல் 28 எழுத்து.

இன்னொரு வரம்பும் உண்டு. குறிமாற்றச் சொல் வரும் ஒவ்வொரு வரியும் 76 எழுத்துக்குள் இருக்கவேண்டும். முதல் வரியில் சப்ஜெக்ட் என்ற பெயரும் முக்காற்புள்ளியும் இடைவெளியும் ஒன்பது எழுத்தை விழுங்கிவிடுவதால் அங்கே 13 குறிதான் பிடிக்கும். மடித்த வரிகளில் 15.

'நாளை கூட்டம் இல்லை' என்ற சப்ஜெக்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்க் குறிகள் 16, இடைவெளிகள் 2. மொத்தம் 50 பைட். மூன்றே சொல், ஆனால் ஒரு குறிமாற்றச் சொல்லுக்குள் அடங்காது. இரண்டாக வெட்டவேண்டும். எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எழுத்தைப் பார்க்காமல் பைட்டை மட்டும் எண்ணி 45-இல் வெட்டும் நிரல் என்ன செய்யும்? 'நாளை கூட்டம் இல்' வரை 44 பைட். அடுத்து வரும் 'ல' மூன்று பைட். அதன் முதல் பைட் முதல் துண்டிலும் மீதி இரண்டும் அடுத்த துண்டிலும் போய்விடும். இரண்டு பக்கமும் அரைகுறை. பெறுபவர் பார்ப்பது 'நாளை கூட்டம் இல்', அதன்பின் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரங்கள், அதன்பின் ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் தவிக்கும் ஐகாரக் குறி. நீண்ட தமிழ் சப்ஜெக்டில் நடுவே மட்டும் ஓரிரு இடம் உடைந்து வந்தால் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் இதுதான். ஒவ்வொரு சொல்லிலும் முழு எழுத்துகளே இருக்கவேண்டும் என்று விதி தெளிவாகவே சொல்கிறது. மெய்யெழுத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவே வெட்டுவது விதிமீறல் இல்லை. சேர்த்துப் படிக்கும்போது ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் சொல்லிடையே வெட்டுவது பாதுகாப்பு.

அடுத்த பொறி இடைவெளி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குறிமாற்றச் சொற்கள் வந்தால் நடுவில் உள்ள இடைவெளியும் வரிமுடிவும் கணக்கில் வராது, படிக்கும்போது மறைந்துவிடும். 'நாளை கூட்டம்' ஒரு துண்டு, 'இல்லை' ஒரு துண்டு என்று வெட்டி நடுவில் சாதாரண இடைவெளி விட்டால் 'நாளை கூட்டம்இல்லை' என்று போய்ச் சேரும். இடைவெளியை முதல் துண்டின் கடைசியில், குறிமாற்றத்துக்குள்ளேயே சேர்க்கவேண்டும். அப்போது முதல் துண்டு 35 பைட், 48 எழுத்து. இரண்டாவது 15 பைட், 20 எழுத்து. இரண்டும் தாராளமாக அடங்கும்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். ஃப்ரம் வரியில் தமிழ்ப் பெயரைக் குறிமாற்றச் சொல்லாக எழுதினால் அதைச் சுற்றி மேற்கோள் போடக்கூடாது. மேற்கோளுக்குள் இருப்பதை யாரும் பிரித்துப் படிக்கவேண்டாம் என்பது விதி. கண்டிப்பான மென்பொருள் அந்தச் சமக்குறிக் குப்பையை அப்படியே பெயராகக் காட்டும். இனிஷியலின் புள்ளியும் குறிமாற்றத்துக்குள் போய்விடுவதால் மேற்கோளுக்குத் தேவையும் இல்லை. குறிமாற்றம் பெயருக்கு மட்டும்தான். கூர் அடைப்புக்குள் இருக்கும் முகவரியைத் தொடக்கூடாது.

முகவரியே தமிழில் வேண்டும் என்றால் அது வேறு கதை. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்ற தமிழ் டொமைன்கள் இருக்கின்றன. அவற்றை ஆங்கில எழுத்து வடிவத்துக்கு மாற்றி எந்தச் சர்வர் வழியாகவும் அனுப்பலாம். ஆனால் அட்-குறிக்கு முன்னால் உள்ள பகுதி தமிழில் இருந்தால், வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் 2012-இல் வந்த எஸ்எம்டிபி-யுடிஎஃப்8 என்ற நீட்டிப்பை ஏற்கவேண்டும். ஒன்று மறுத்தாலும் மெயில் திரும்பிவிடும். வங்கி, அரசுப் படிவம் போன்ற இடங்களுக்கு ஆங்கில எழுத்து முகவரி ஒன்றையும் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது.

பேஸ்64-ஐக் கண்ணாலேயே அடையாளம் காண

தமிழின் எல்லாக் குறிகளும் யுடிஎஃப்-8-இல் ஒரே மாதிரித் தொடங்குகின்றன. மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்பதால் பேஸ்64-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் சரியாக நான்கு எழுத்து விழும். உயிர், மெய், கால், இகரக் குறி எல்லாம் '4கே6' என்று தொடங்கும். புள்ளியும் மற்ற உயிர்க்குறிகளும் '4கே+' என்று தொடங்கும். 'க' என்பது '4கே6வி', புள்ளி என்பது '4கே+என்'. ஆகவே மூலத்தில் '4கே6', '4கே+' என்று திரும்பத் திரும்ப வந்தால் அது சரியான யுடிஎஃப்-8 தமிழ். நடுவே ஒரு இடைவெளி வந்தால் இந்த ஒழுங்கு நகர்ந்துவிடும், மூன்றாவது இடைவெளியில் மீண்டும் திரும்பும். பிரிக்கும் கருவி கையில் இல்லாத நேரத்தில், கோளாறு அனுப்பியவர் பக்கமா பெறுபவர் பக்கமா என்று முடிவுசெய்ய இது போதும்.

திரையில் தலைக்கோடிட்ட ஏ-யும் வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக் குறியும் மாறி மாறி வருகிறதா? அதுவும் யுடிஎஃப்-8 தமிழ்தான். பைட்டுகள் பத்திரமாக வந்திருக்கின்றன, படிப்பவர்தான் மேற்கு ஐரோப்பியக் குறிமுறை என்று நினைத்துப் படிக்கிறார். கன்டென்ட்-டைப் வரியில் சார்செட் விட்டுப்போயிருக்கும், அல்லது ஐஎஸ்ஓ-8859-1 என்று தவறாக எழுதியிருக்கும். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் நிலைமை வேறு: அனுப்பும் முன்பே தமிழ் அழிந்துவிட்டது, மீட்க வழியில்லை. யூனிகோடு பரவும் முன் இருந்த டிஸ்கி என்ற தமிழ்க் குறிமுறையில் எழுதிய பழைய மெயில்கள் இன்னொரு ரகம். அவற்றில் தமிழ் எழுத்துருவில் இருந்ததே தவிர ஹெடரில் சொல்லப்படவில்லை. டிஸ்கி மாற்றியில் போட்டால் பெரும்பாலும் மீளும்.

உடல்

பிறமொழிகளையும் இணைப்புகளையும் மெயிலில் ஏற்ற வழிசெய்யும் மைம் என்ற விரிவாக்கம் 1992-இல் வந்தது, இன்றைய வடிவம் 1996-இன் ஆர்எஃப்சி 2045 முதல் 2049 வரை. மைம்-வெர்ஷன் 1.0 என்ற வரி அன்றிலிருந்து மாறவே இல்லை, மாறும் அறிகுறியும் இல்லை.

மாதிரியில் 8பிட் என்று போட்டிருக்கிறோம். சின்ன மெயிலுக்குச் சரி. ஆனால் 998 வரம்பு பைட்டைத்தான் எண்ணும். தமிழில் அது 332 குறி, அதாவது நாலைந்து வாக்கியம். பத்தி முழுவதையும் ஒரே வரியாக எழுதும் நிரல்களும், ஹெச்டிஎம்எல் முழுவதையும் ஒரே வரியில் நெருக்கித் தரும் கருவிகளும் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். வழியில் உள்ள சர்வர் வரியை வெட்டும், சில ஆச்சரியக்குறி ஒன்றையும் செருகும். வெட்டு எழுத்தின் நடுவில் விழுந்தால் மீண்டும் கறுப்பு வைரம். நீண்ட செய்திமடலில் பத்தி தோறும் ஓரிடம் உடைந்து வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

தீர்வு, உடலையும் பேஸ்64 ஆக்குவது. வரிக்கு 76 எழுத்து. கோட்டட்-ப்ரின்டபிள் என்ற மாற்றும் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது அழகு, தமிழுக்கு ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து என்று உப்பிவிடும். சில நிரல்கள் முன்னிருப்பாக அதைத்தான் தேர்வு செய்கின்றன. மாற்றிவிடுங்கள்.

அட்டாச்மென்ட்

ஒன்றுக்கு மேற்பட்ட பகுதி இருந்தால் கன்டென்ட்-டைப் 'மல்டிபார்ட்' என்று தொடங்கும், கூடவே பௌண்டரி என்று ஒரு பிரிப்புச் சரம் தரவேண்டும். அது 70 எழுத்தைத் தாண்டக்கூடாது, உள்ளடக்கத்தில் எங்கும் வரக்கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் இரண்டு சிறுகோடும் அந்தச் சரமும். கடைசியில் மட்டும் சரத்துக்குப் பின்னாலும் இரண்டு சிறுகோடு. ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஹெடர்கள், பிறகு வெற்று வரி, பிறகு உள்ளடக்கம். வெற்று வரியை மறந்தால் உள்ளடக்கத்தின் முதல் வரிகளை ஹெடர் என்று விழுங்கிவிடும். கடைசிச் சிறுகோடுகளை மறந்தால் பல மென்பொருள்கள் பொறுத்துக்கொள்ளும், சில கடைசி அட்டாச்மென்டைக் காட்டாது.

மல்டிபார்ட் வகைகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். 'மிக்ஸ்ட்' என்பது கடிதமும் இணைப்பும். 'ஆல்டர்னேட்டிவ்' என்பது ஒரே செய்தியின் வேறு வேறு வடிவங்கள். இதில் எளியது முதலில், சிறந்தது கடைசியில் வரவேண்டும். ஹெச்டிஎம்எல்லை முதலில் வைத்துவிட்டு 'அழகாக வடிவமைத்த மெயில் வெறும் எழுத்தாகத் தெரிகிறதே' என்று தேடுபவர்கள் பலர். 'ரிலேட்டட்' என்பது ஹெச்டிஎம்எல்லும் அதற்குள் காட்டவேண்டிய படங்களும். மூன்றும் சேர்ந்தால் வெளியே மிக்ஸ்ட், அதற்குள் ஆல்டர்னேட்டிவ், அதற்குள் வெறும் எழுத்தும் ரிலேட்டட்டும்.

கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் வரியில் ஆர்எஃப்சி 2231 முறையில், ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு எழுதவேண்டும். 'பட்டியல்' என்ற ஐந்து எழுத்துச் சொல் எட்டுக் குறி, அதுவே 72 எழுத்தாகிறது. சப்ஜெக்டின் குறிமாற்றச் சொல்லை இங்கே போடுவது விதிப்படி தவறு. ஆனால் நிறையப் பேர் போடுகிறார்கள், நிறைய மென்பொருள்கள் புரிந்துகொள்கின்றன. இரண்டையும் புரிந்துகொள்ளாத பழைய மென்பொருளில் கோப்பு பெயரும் பின்னொட்டும் இழந்து வரும், இரட்டைச் சொடுக்கினால் திறக்காது. வெளியாட்களுக்கு அனுப்பும் ரசீது, சான்றிதழ் போன்றவற்றுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதே எங்கள் பரிந்துரை. தமிழ்ப் பெயர் கோப்புக்குள் இருக்கட்டும்.

அளவு: பேஸ்64 மூன்றுக்கு நான்கு என்று கூட்டும், வரிமுடிவுகளும் சேர்ந்தால் சுமார் 37 சதவீதம் அதிகம். மொத்த மெயிலுக்கு 25 எம்பி வரம்பு வைத்த சர்வரில் 18 எம்பி கோப்புதான் போகும்.

ரிசீவ்ட் வரிகள்: கீழிருந்து மேலாக

ஒவ்வொரு சர்வரும் மெயிலை வாங்கியதும் தன் முத்திரையை மேலே ஒட்டும். அதனால் கடைசி சர்வர் மேலே, முதல் சர்வர் கீழே. தாமதத்தைக் கண்டுபிடிக்க நேரங்களை ஒரே மண்டலத்துக்கு மாற்றிப் பாருங்கள். கீழிருந்து மூன்று வரிகளில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

    14 ஜூன் 2024 10:15:34 +0530
    14 ஜூன் 2024 04:45:36 +0000
    13 ஜூன் 2024 21:58:10 -0700

மேலோட்டமாகப் பார்த்தால் மெயில் நேற்றைக்குப் போய்ச் சேர்ந்ததுபோலத் தெரியும். உலகப் பொது நேரத்தில் 04:45:34, 04:45:36, 04:58:10. ஒரு சர்வரிலிருந்து அடுத்ததற்குப் போன முதல் தாவலுக்கு இரண்டு விநாடி, இரண்டாவதுக்கு 12 நிமிடம் 34 விநாடி. இரண்டாவது சர்வரின் வரிசையில் மெயில் காத்திருந்திருக்கிறது. பழக்கமில்லாத அனுப்புநரைப் பெறும் சர்வர் 'சற்றுப் பொறுத்து வா' என்று திருப்பி அனுப்பும் கிரேலிஸ்டிங் என்றால் இந்த அளவு தாமதம் சகஜம். கழித்தல் விடை வந்தால் ஏதோ ஒரு சர்வரின் கடிகாரம் சரியாக ஓடவில்லை.

வரியில் 'வித்' என்ற சொல்லுக்குப் பின் இஎஸ்எம்டிபிஎஸ் என்றிருந்தால் அந்தத் தாவல் குறியாக்கத்தோடு நடந்தது. கடைசியில் ஏ-யும் சேர்ந்தால் அனுப்பியவர் கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்தவர்.

மோசடி மெயிலை ஆராயும்போது ஒன்றை மறக்காதீர்கள்: உங்கள் சர்வர் ஒட்டிய முத்திரை வரைதான் நம்பிக்கை. அதற்குக் கீழே உள்ள எந்த ரிசீவ்ட் வரியையும் அனுப்பியவரே தட்டச்சு செய்திருக்கலாம். உங்கள் சர்வர் எழுதிய வரியில் சதுர அடைப்புக்குள் இருக்கும் ஐபி எண்தான் உண்மையில் கதவைத் தட்டியவர். அதன் பக்கத்தில் அவர் சொல்லிக்கொண்ட பெயருக்கு மதிப்பில்லை.

கையெழுத்து சரிபார்ப்பு

ஆதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ் என்ற ஹெடரில் மூன்று முடிவுகள் இருக்கும். எஸ்பிஎஃப், உறையில் உள்ள டொமைன் அந்த ஐபி-க்கு அனுமதி தந்திருக்கிறதா என்று பார்க்கிறது. டிகிம், ஹெடர்களிலும் உடலிலும் போட்ட டிஜிட்டல் கையெழுத்தைப் பார்க்கிறது. டிமார்க், அந்த இரண்டில் ஒன்றாவது தேறி, அதன் டொமைன் ஃப்ரம் வரியில் கண்ணுக்குத் தெரியும் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. எஸ்பிஎஃப் தேறியும் டிமார்க் தோற்றால் குழம்பவேண்டாம். செய்திமடல் நிறுவனம் தன் சொந்த டொமைனை உறையில் போட்டிருக்கும், அது தேறியிருக்கும், உங்கள் டொமைன் அங்கே இல்லவே இல்லை. அந்த நிறுவனத்தின் அமைப்பில் உங்கள் டொமைனுக்கு டிகிம் போட்டால் தீரும்.

டிகிம் வரியில் 'பிஹெச்' என்பது உடலின் கைரேகை. கையெழுத்து போட்ட பிறகு உடலில் ஓர் எழுத்து மாறினாலும் அது பொருந்தாது. அலுவலகச் சர்வர் அடியில் ஒட்டும் 'இந்த மெயில் ரகசியமானது' என்ற பத்தி பல இடங்களில் இந்தக் கையெழுத்தை உடைக்கிறது. அந்தப் பத்தியை ஒட்டிய பிறகே கையெழுத்து போடும்படி வரிசையை மாற்றுங்கள். 8பிட் உடலை வழியில் ஒரு சர்வர் வேறு வடிவத்துக்கு மாற்றினாலும் இதே கதிதான். தமிழ் உடலை முதலிலேயே பேஸ்64 ஆக்கிவிட இன்னொரு காரணம்.

எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், அதற்குள் டிஎன்எஸ் (டொமைன்களின் பதிவேடு) தேடல்கள் 10-ஐத் தாண்டக்கூடாது. புதுச் சேவை சேர்க்கும்போதெல்லாம் இன்னொரு வரி சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போகும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களிடம் கூகுள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கேட்கிறது. விளம்பர மெயில்களில் ஒரே சொடுக்கில் விலகும் லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப் ஹெடரும் வேண்டும்.

நிரல் எழுதுவோருக்கு

ஹெடர்களை நீங்களே சரம் சேர்த்து எழுதாதீர்கள். பைத்தானில் இமெயில்மெசேஜ் வகுப்பு, மற்ற மொழிகளில் அதற்கு நிகரான நூலகம், மேலே சொன்ன 45 பைட் கணக்கையும் மேற்கோள் விதியையும் தானே பார்த்துக்கொள்ளும். பதிலாக அனுப்பும் மெயிலில் இன்-ரிப்ளை-டூ வரியில் பழைய மெசேஜ்-ஐடியைக் கூர் அடைப்போடு வைத்து, ரெஃபரன்சஸ் வரியின் கடைசியிலும் அதைச் சேர்த்தால் உரையாடல் ஒரே கோர்வையாக நிற்கும்.

இணையதளப் படிவத்தில் வாசகர் தட்டும் பெயரையோ தலைப்பையோ ஹெடரில் வைப்பதானால் அதில் சிஆர், எல்எஃப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மெயிலை மறுத்துவிடுங்கள். ஹெடர் வரியை முடிப்பது அந்த இரண்டு எழுத்துதான். பெயர்ப் பெட்டியில் பெயருக்குப் பின் வரிமுடிவு ஒன்றைச் செருகி, அடுத்து பிசிசி என்று எழுதி ஆயிரம் முகவரியைக் கொடுத்தால், உங்கள் 'தொடர்புகொள்ள' படிவம் அடுத்தவரின் ஸ்பாம் இயந்திரமாகிவிடும். அந்த மெயில்களில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் உங்கள் பெயரில் கச்சிதமாகத் தேறியிருக்கும்.